பூமியோட மேலோடு பிளேட்னு பெரிய துண்டுகளா இருக்கு, பூகம்பம் பெரும்பாலும் அதுங்க ஓரத்துலதான் வரும். அப்படி பிளேட் ஓரமே இல்லாத ஊர்ல பூமி ஆடினதை உணர்ந்தவங்க உண்டா?

ரிச்மண்ட்வாசி:
2011 ஆகஸ்ட் 23, வர்ஜீனியால மினரல்ங்கற ஊர்ப் பக்கம் வந்த பூகம்பம், 5.8 அளவு. வாஷிங்டன் மான்யுமென்ட் விரிசல் விட்டது, நார்த் அன்னா அணு உலை தானா நின்னது எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு மறக்காதது ஒரு போன் கால்தான். நியூ ஜெர்சி ஃபிரெண்டோட பேசிட்டிருக்கேன், சீலிங் கடகடன்னுது, "டேய் இங்க ஆடுதுடா"ங்கறேன், "லாரி ஏதாச்சும் போகும்"ங்கறான், நான் படியிறங்கி பார்க்கிங் வந்துட்டேன், போனை வைக்கல, திடீர்னு அவன் குரலே மாறுது, "டேய், என் டேபிளும் ஆடுதுடா!" என் பேச்சு முதல்ல போச்சு, பூமியோட ஆட்டம் பின்னாடி போய்ச் சேந்துச்சு. அமெரிக்காவோட கிழக்குப் பக்கப் பாறை ரொம்பப் பழசு, குளுந்து இறுகினது, அதான் அதிர்வு தேயாம அவ்ளோ தூரம் போகுதாம். சரி, பிளேட் ஓரம் அட்லாண்டிக் நடுவுல இருக்கறப்ப அந்த இறுகின பாறை ஏன் உடையணும்? இதான் இன்னும் அரிக்குது.

ஏரிக்காரி:
உடையற இடத்தை மட்டும் பாத்தா பதில் கிடைக்காதுங்க, அதுக்குக் கீழ மேன்டில்ல, அதாவது பிளேட்டுக்கு அடில இருக்கற சூடான பாறை அடுக்குல, என்ன நடக்குதுன்னு பாக்கணும். தூரத்துப் பூகம்ப அலை குளுந்த பாறைல வேகமாவும் சூடான பாறைல மெதுவாவும் போகும், அதை வச்சுப் படம் எடுத்து, தென்கிழக்கு அமெரிக்காவுல பிளேட்டோட அடிப்பாகம் துண்டு துண்டா கழண்டு மேன்டிலுக்குள்ள இறங்குது, அந்த எடத்துக்கு சூடான பாறை ஏறி வருதுன்னு வட கரோலினா யூனிவர்சிட்டி குழு 2016ல சொன்னாங்க. அடி மெலிஞ்சா மேல இருக்கற பழைய பிளவுகள் நகரத்தானே செய்யும். நான் பாத்தது டென்னசி ரீல்ஃபுட் ஏரி. 1811-12ல மிசிசிப்பி ஆத்தங்கரை நியூ மேட்ரிட் பக்கம் வந்த பூகம்பத்துல நிலம் இறங்கி உருவான ஏரி. படகு அடில ஏதோ தேய்ச்சுது, படகுக்காரர் "மரத்தோட அடிக்கட்டை"ன்னாரு. காடா இருந்த எடத்துக்கு மேல மிதக்கறோம்னு உடம்பு சிலுத்துப் போச்சு. நியூ மேட்ரிட் பூகம்பத்துக்கு இன்னும் ஆழமான காரணம் இருக்கு, மேற்குக் கரை வழியா எப்பவோ உள்ள போன ஃபாரலான் பிளேட் இப்ப அந்த எடத்துக்கு நேர் கீழ மூழ்கிட்டே மேல இருக்கறதையும் கீழ இழுக்குதுன்னு ஃபோர்ட்டேங்கற விஞ்ஞானியோட குழு 2007ல சொன்னது.

மெம்பிஸ் அண்ணன்:
தங்கச்சி, அது ஒரு மாடல், முடிவு இல்ல. அவ்ளோ ஆழத்துல இழுக்கறது பரந்த ஏரியா முழுக்கத் தெரியணும், ஏன் நியூ மேட்ரிட்ல மட்டும்? அங்க கண்டம் பொளக்கப் பாத்து பாதில நின்ன பழைய ரிஃப்ட் இருக்கு, பலவீனம் அங்கதான். மிசிசிப்பி ஆறு மண்ணை அரிச்சு மேல பாரம் குறைஞ்சதுதான் காரணம்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு ஒரு ராத்திரி கட்டில் லேசா ஆடுச்சு, பாத்திரம் சத்தம் போட்டுச்சு, அவ்ளோதான். ஆனா இந்தப் பக்கம் வீடு வாங்கறவங்க கேட்டுக்கோங்க, சாதா வீட்டு இன்ஷூரன்ஸ்ல பூகம்பம் வராது, தனியா எடுக்கணும், அதையும் ஆடினப்புறம் போய்க் கேட்டா கொஞ்ச நாளைக்குத் தர மாட்டாங்க. வாட்டர் ஹீட்டரை செவுத்தோட பட்டி போட்டு இறுக்குங்க, விழுந்தா கேஸ் லைன் பிஞ்சுடும். பழைய செங்கல் சிம்னி இருந்தா அதுக்குக் கீழ கட்டில் போடாதீங்க. ஆடும்போது ரிச்மண்ட் தம்பி மாதிரி படில ஓடாதீங்க, டேபிளுக்கு அடில போய் அதோட காலைப் புடிச்சுக்கோங்க, நின்னப்புறம் வெளிய வாங்க.