மறுமொழி: ‘ஃபுளூரின் ஆவிக்கசிவு’ என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

எட்டாம் வகுப்புக் கையேட்டின் மழைநீர்ப் பாடத்துக்காக, வீட்டுப் பொருள்களின் பூச்சிலிருந்து ஃபுளூரின் கலந்த வேதிப்பொருள்கள் மெல்ல ஆவியாவதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘ஃபுளூரின் ஆவிக்கசிவு’ என்ற சொல்லுக்கு ஒரு நண்பர் எழுதிய மறுப்பு இது:

> “ஃபுளூரின் நச்சுப்புகை” என்றே வைத்துக்கொள்வோமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புகை என்று எழுதினால் மதுரைப் பிள்ளைகள் கப்பலூர் ஆலைகளையும் பெரியார் நிலையத்துப் பேருந்துகளையும்தான் நினைப்பார்கள். இங்கே பேச்சு வீட்டுக்குள் இருக்கும் பொருளைப் பற்றியது. கறை பிடிக்காத கம்பளம், சோபாத் துணி, மழைக்கோட்டு, அவற்றின்மேல் அடிக்கும் ஸ்பிரே ஆகியவற்றின் பூச்சிலிருந்து ஃபுளூரோடெலோமர் ஆல்கஹால் என்ற ஃபுளூரின் கலந்த வேதிப்பொருள் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகிறது. வெளிக்காற்றைவிட வீட்டுக்குள்தான் பெரும்பாலும் இதன் அளவு அதிகம்.

விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் ‘தண்ணி ஒட்டாது’ என்று விற்பதிலெல்லாம் இது இருக்கும் என்று சொல்ல வரவில்லை. மெழுகுப் பூச்சும் சிலிக்கோன் பூச்சும் தண்ணீரைத் தள்ளும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள். மெழுகு பூசிய துணியில் எண்ணெய் மெல்லப் பரவி ஊறிவிடும். ஊறாமல் முத்தாக உருண்டு நின்றால் ஃபுளூரின் பூச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்புறம், இந்த வகைப் பொருள்களுக்குச் சொல்லப்படும் ‘அழியா வேதிப்பொருள்’ என்ற பெயர். நாளிதழ்த் தலைப்புக்குச் சரி, கலைச்சொல்லாக இடறுகிறது. ஆவியாகிப் போகும் ஆல்கஹால் காற்றில் சிதையத்தான் செய்கிறது. காற்றில் இருக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளோடு (எதனோடும் சட்டென்று வினைபுரியும் துகள்கள்) வினைபுரிந்து, படிப்படியாக மாறி, அதில் ஒரு பங்கு பெர்ஃபுளூரோ அமிலங்களாகி மழையோடு மண்ணுக்கு இறங்குகிறது. அந்த அமிலங்களின் கார்பன்–ஃபுளூரின் பிணைப்புதான் இயற்கையில் எதற்கும் அசையாமல் நிற்கிறது. அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ.வை (பெர்ஃபுளூரோ ஆக்டனாயிக் அமிலம்) 2019இல், எளிதில் சிதையாத மாசுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்தார்கள். 2023இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும்: ஆவியாவதற்கு ‘முன்னோடிச் சேர்மம்’, மிஞ்சி நிற்பதற்கு ‘நீடுநிலை ஃபுளூரின் சேர்மம்’.

‘கசிவு’ விபத்துபோல ஒலிக்கிறது என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். போபாலுக்குப் பிறகு ‘வாயுக்கசிவு’க்கு அந்தச் சாயல் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் சுவரில் ஓதம் கசிவதையும் கசிவு என்றுதான் சொல்கிறோம். மெதுவாக, நிற்காமல், யாரும் கவனிக்காமல் நடப்பது. துணிப்பூச்சும் வருடக்கணக்கில் அப்படித்தான் கசிகிறது. ‘உமிழ்வு’ என்பதில் இந்த மெதுவு வரவில்லை. அதனால் என் வாக்கு ‘ஆவிக்கசிவு’க்கே.

‘சேர்மம்’ எட்டாம் வகுப்புக்குக் கனமாக இருக்குமா, ‘பொருள்’ போதுமா? வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் சொல்லுங்கள். கையேட்டில் மழைநீர்ப் பாடத்தை அதன்படி திருத்திவிடுகிறேன்.