டேன்கிராம்: ‘ஏழுசில்லு’ சரிவருமா?

வணக்கம்.

ஒரு சதுரத்தை ஏழு துண்டாக வெட்டி, அவற்றைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் புதிர்தான் டேன்கிராம். அது சிறப்புப்பெயர்தானே, நம் கலைச்சொல் பட்டியலில் அப்படியே எழுதிவிடலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. சீனாவில் அதற்கு அந்தப் பெயரே கிடையாது. அங்கே ‘ச்சிச்சியாவ்பான்’, கிட்டத்தட்ட ‘ஏழு சாமர்த்தியப் பலகை’. 1810களில் அது கப்பலேறி மேற்கே போய்ப் பைத்தியமாய்ப் பரவியபோதும் ‘சீனப் புதிர்’ என்றுதான் விற்றார்கள். டேன்கிராம் என்பது 1848இல் தாமஸ் ஹில் என்ற அமெரிக்கர் சிறுவர் வடிவியல் நூல் ஒன்றில் வைத்த பெயர். 1903இல் அமெரிக்கப் புதிர் ஆசிரியர் சாம் லாயிட் ‘டான்’ என்றொரு கடவுளையும் நாலாயிரம் ஆண்டுப் பழமையையும் சேர்த்துக் கதை கட்டினார். அந்தக் கதை இன்றும் வரலாறாக உலவுகிறது! கிடைத்துள்ள மிகப் பழைய சீனப் புத்தகமே 1813ஐச் சேர்ந்ததுதான். ஹில் வைத்ததும் ஒரு கலைச்சொல் என்றால், நாமும் ஒன்று வைக்கலாமே?

என் பரிந்துரை ‘ஏழுசில்லு’. பாண்டி ஆடும் சில்லுதான். தட்டையான சிறு துண்டு, ஏழாங்கல் மாதிரி வாயிலும் நிற்கும். கணினிச் சில்லோடு குழம்பாதா என்றால், பொம்மைக் கடையில் குழம்பாது.

இந்த வகைப் புதிர்களுக்கு எல்லாம் பொதுப்பெயராகப் பட்டியலில் இருக்கும் ‘துண்டிப்புப் புதிர்’ வேண்டாம். மின்கட்டணம் கட்ட மறந்த ஞாபகம் வருகிறது. ‘சில்லுப் புதிர்’ போதும். அப்போது ஆர்க்கிமிடீசின் பெயரோடு சேர்ந்த பழைய கிரேக்கப் புதிரான ஸ்டொமாக்கியன் பதினான்கு சில்லு. 1742இல் ஜப்பானில் அச்சான ‘செய் ஷோனகோன்’ பலகை என்ற புதிரிலும் ஏழு துண்டுகள்தான், வெட்டு மட்டும் வேறு. அதை ஜப்பானிய ஏழுசில்லு என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் ஒரு வினைச்சொல் சிக்கல். செய்முறைக் குறிப்பில் ‘துண்டைத் திருப்பு’ என்று எழுதியிருந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி அண்ணன் மகளிடம் கொடுத்தேன். எல்லாத் துண்டையும் மேசையிலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இணைகரம் மட்டும் உட்காரவில்லை. ஏழில் அது ஒன்றுதான் மறுபக்கம் போட்டால் வேறு வடிவமாகிற துண்டு. “தோசை மாதிரி புரட்டிப் போடு” என்றேன். “வெள்ளைப் பக்கம் தெரியுமே சித்தப்பா, அது தப்பாட்டம் இல்லையா?” என்றாள்.

ஆகவே ‘சுழற்று’, ‘புரட்டு’ என்று இரண்டு சொல்லாகவே பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ‘திருப்பு’ வேண்டாம்.