தவளையைச் சுவரில் அடித்தது துரோகமாம்!

மழைக்குருவி:
நேத்து நூலரசன் எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. தவளை இளவரசன் கதையை வெச்சு வந்திருக்கிற அந்த இளையோர் காதல் நாவலைப் பத்தி அவர் சொன்னது இது: "நாயகி தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். முத்தத்தில் முடிய வேண்டிய கதை. எழுதியவருக்கு மூலக்கதையே தெரியவில்லை. இது துரோகம்."

யாருக்குத் தெரியல? ஜெர்மனியோட கிரிம் சகோதரர்கள் 1812ல போட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்போட முதல் கதையே இதுதான். அதுல முத்தம் கிடையாது. தங்கப் பந்து கிணத்துல விழுது. எடுத்துக் குடுத்தா உன் தட்டுல சாப்பிடணும், உன் கட்டில்ல தூங்கணும்னு தவளை கேக்குது. சரி சரின்னு சொல்லிட்டுப் பந்தை வாங்கிக்கிட்டு ஓடிடறா. மறுநாள் சாப்பாட்டு நேரத்துல அது படியேறி வந்து கதவைத் தட்டுது. சொன்ன சொல்லைக் காப்பாத்துன்னு அப்பா மிரட்டறார். கடைசியில கட்டில்ல இடம் கேக்கும்போது கோபம் தாங்காம சுவத்துல ஓங்கி அடிக்கறா. அந்த அடியிலதான் அவன் மனுஷனாகறான்.

நாவல்ல அந்த இடத்தை நாலு தடவை படிச்சேன். ரெண்டு விரலால தூக்கிக்கிட்டு மாடிக்குப் போறா. கிரிம்லயும் அதே ரெண்டு விரல்தான். அந்த ஈரம் மணிக்கட்டு வரைக்கும் வழியுது. துடைக்கத் துணி இல்லாம பாவாடையில துடைக்கறா. அதுவரைக்கும் 140 பக்கம் எல்லாருக்கும் தலையாட்டின பொண்ணு, மொதல் தடவையா மாட்டேன்னு சொல்றது அங்கதான். அதைப் போய் துரோகம்னு எப்படிச் சொல்ல மனசு வந்துது?

நூலரசன்:
தம்பி, ஆவேசம் வேண்டாம். தவளை என்றால் முத்தம். பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். முப்பது ஆண்டுகளாக வாசிக்கிறேன், எனக்கே வகுப்பு எடுக்கிறீர்கள். காதல் கதையில் காதலனைச் சுவரில் அடித்துக் கொல்லப் பார்ப்பவளை நாயகி என்பதா? இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்க வேண்டுமா?

மழைக்குருவி:
நான் தம்பி இல்ல. பச்சைக் குழந்தை சொல்றது சாட்சி ஆகாது. 1812 பதிப்புல முத்தம் எங்க இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க.

பாதிப்பக்கம்:
நான் இப்பதான் 90ஆம் பக்கத்துல இருக்கேன். சுவத்துல அடிக்கறதை இப்படித் தலைப்புலயே போட்டுட்டீங்களே. நல்லா இருங்க.

மழைக்குருவி:
200 வருஷத்துக்கு முந்தின கதைக்கு நான் என்ன பண்றது!

பாதிப்பக்கம்:
கதைக்கு 200 வருஷம். நாவலுக்கு இல்லையே. போன மாசமும் இதேதான் பண்ணினீங்க, வில்லி யாருன்னு முதல் வரியிலயே உடைச்சுட்டீங்க. நான் மறக்கல.

ஈயப்பேனா:
இருவரும் மூலம், மூலம் என்கிறீர்களே, மூலம் என்றால் என்ன? வாய்வழியாக வந்த கதை இது. கிரிம் சகோதரர்களே 1815இல் வந்த இரண்டாம் தொகுதியில் இதன் இன்னொரு வடிவத்தைச் சேர்த்தார்கள். அதில் தவளை மூன்று இரவுகள் அவள் படுக்கையில் தூங்குகிறது, பிறகு இளவரசனாகிறது. 1823இல் எட்கர் டெய்லர் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோதும் சுவரை எடுத்துவிட்டு மூன்று இரவுகளைத்தான் வைத்தார். ஸ்காட்லாந்து வடிவத்தில் தவளையே என் தலையை வெட்டு என்று கேட்கிறது. இவற்றில் எது மூலம்?

நூலரசன்:
ஈயப்பேனாவுக்கு நன்றி. பார்த்தீர்களா? சுவர் இல்லாமலும் கதை இருக்கிறது. நான் சொன்னது சரியாகிவிட்டது.

மழைக்குருவி:
எப்படிச் சரியாச்சு? மூணு ராத்திரி தூங்கறதும் முத்தம் இல்ல. தலையை வெட்டறதும் முத்தம் இல்ல. அவர் அடுக்கின எதுலயுமே முத்தம் வரலையே! ஈயப்பேனா உங்களுக்கு எதிராத்தான் சாட்சி சொல்லியிருக்கார்.

ஈயப்பேனா:
நான் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை. மூலம் என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இரும்புவளையம்:
தவளையை விடுங்கப்பா. ஹென்ரிக்கைப் பத்தி யாருமே பேச மாட்டீங்களா? கிரிம் கதையோட முழுத் தலைப்புலயே இரும்பு ஹென்ரிக்னு அவன் பேர் இருக்கு. எஜமான் தவளையானதும் துக்கத்துல நெஞ்சு வெடிச்சிடக் கூடாதுன்னு மூணு இரும்பு வளையம் மாட்டிக்கிட்டவன். திரும்பிப் போற வண்டியில ஒவ்வொண்ணா உடையும், வண்டிதான் உடையுதுன்னு இளவரசன் நினைப்பான். அப்பேர்ப்பட்டவனை இந்த நாவல்ல நாயகி மேல ஆசைப்படற ரெண்டாவது ஆளா ஆக்கிட்டாங்க. துரோகம்னா அது துரோகம். முக்கோணக் காதல் இல்லாம இவங்களுக்குப் புத்தகமே எழுத வராதா?

நூலரசன்:
அந்த நாவலில் உருப்படியான ஒரே ஆள் ஹென்ரிக்தான். அவன் யாரையும் சுவரில் அடிக்கவில்லை.

இரும்புவளையம்:
நீங்க என் பக்கம் வராதீங்க சார். ஹென்ரிக்கை 'வேலைக்காரப் பாத்திரம்'னு நீங்க எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு.

மழைக்குருவி:
ஹென்ரிக்குக்கு அப்புறம் வரேன். நூலரசன் சாருக்கு முத்தத்துல என்ன பிடிப்புன்னு எனக்குப் புரியுது. ஸ்னோ ஒயிட் விவாதத்துலயும் இதையேதான் சொன்னார், அவ முத்தத்துலதான் கண் முழிச்சதா. கிரிம்ல அவ கிடக்கற கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போறவங்க தடுக்கி, அந்தக் குலுக்கல்ல தொண்டையில இருந்த விஷ ஆப்பிள் துண்டு வெளிய வந்துதான் எழுந்திருக்கா. முத்தம் 1937ல வந்த டிஸ்னி படத்துல இருக்கறது. தூங்கும் அழகி கதையில கிரிம் முத்தம் வெச்சாங்க, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி 1697ல பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதினதுல இளவரசன் பக்கத்துல மண்டிதான் போடறான், சாபத்தோட காலம் முடிஞ்சு அவ கண்ணைத் திறக்கறா. அன்னிக்கும் ஆதாரம் கேட்டேன். அன்னிக்கும் "தம்பி"தான் பதிலா வந்துது.

எனக்கு இது வெறும் தகவல் சண்டை இல்ல. அந்தப் பொண்ணுக்குத் தவளை பிடிக்கல. அப்பா சொல்றார், ஊரே சொல்லுது, குடுத்த வாக்குன்னு எல்லாரும் அதே பாட்டு. அவ முத்தம் குடுத்திருந்தா கீழ்ப்படிஞ்சதுக்குப் பரிசா இளவரசன் கிடைச்சிருப்பான். சுவத்துல அடிச்சதாலதான், எதிர்த்ததாலதான் சாபம் உடையுது. நாவல் இங்க ஒரு படி மேல போகுது. அடிச்ச கையோட காதல் வரல. அவன் தோள் எலும்பு முறிஞ்சு கிடக்கான், இவ அறை வாசல்லயே நிக்கறா, கிட்டப் போகல. அவனும் 'பயமுறுத்திட்டேன்'னு முதல்ல மன்னிப்புக் கேக்கறான். அதுக்கப்புறம் 200 பக்கம் கழிச்சுத்தான் அவளா கையைப் பிடிக்கறா. பதினைஞ்சு வயசுப் பிள்ளைங்க இதைத்தான் படிக்கணும். வேணாம்னு சொல்லிட்டும் நேசிக்கப்படலாம்னு அவங்களுக்கு வேற யார் சொல்றா?

பாதிப்பக்கம்:
தோள் எலும்பு, மன்னிப்பு, கையைப் பிடிக்கறது. ரொம்ப நன்றி. இனி நான் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்.

நூலரசன்:
நீண்ட சொற்பொழிவுக்கு நன்றி. தங்கை என்றே வைத்துக்கொள்கிறேன். வன்முறைக்கு எத்தனை அழகான பெயர் வைத்தாலும் அது வன்முறைதான். ஆண் பாத்திரம் ஒரு பெண்ணைச் சுவரில் அடித்திருந்தால் இப்படி உருகியிருப்பீர்களா?

மழைக்குருவி:
தங்கையும் வேணாம். ஆணும் பெண்ணும் இல்ல சார் அங்க, கட்டில்ல ஏறுவேன்னு அடம்பிடிக்கற ஒரு தவளை. அது இளவரசன்னு அவளுக்குத் தெரியாது. 1812க்குப் பதில் சொல்லுங்க.

ஈயப்பேனா:
1812ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பதிப்பில் அவன் கட்டிலில் வந்து விழுகிறான், இருவரும் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். 1857இல் வந்த ஏழாம் பதிப்பில் "தந்தையின் விருப்பப்படி" அவன் கணவனாகிறான் என்று இருக்கிறது. கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த வெற்றி என்றீர்களே, கடைசியில் அப்பாதானே முடிவு செய்கிறார்?

மழைக்குருவி:
அப்பாவை அப்புறமாச் சேர்த்தாங்க, சுவரை எடுக்கலையே! 1857லயும் சுவர் இருக்கு.

இரும்புவளையம்:
1857லயும் ஹென்ரிக் இருக்கான். மூணு வளையத்தோட.

நூலரசன்:
பேச்சு தரமிழந்துவிட்டது. இத்துடன் விலகிக்கொள்கிறேன்.

நூலரசன்:
ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். உலகம் நினைவில் வைத்திருப்பது முத்தத்தை. சுவரை அல்ல.

மழைக்குருவி:
எந்தப் பதிப்பு? எந்த வருஷம்?