ஆப்பசோடாவை வறுத்தால் மோல் புரியுமா?

மஞ்சக்குப்பம் டியூஷன்:
வகுப்பில் ஆப்பசோடாவில் வினிகரை ஊற்றி நுரை பொங்க வைத்து வீடியோ போடும் ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வி. அது என்ன வாயு, எத்தனை மோல் என்று மறுநாள் கேட்டால் எத்தனை பிள்ளை சொல்லும்? கைதட்டல்தான் மிச்சம். பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20. எதற்கு நேரம் ஒதுக்கணும் என்று நீங்களே சொல்லுங்கள்.

உப்பளத்துக்காரி, புதுச்சேரி:
சார், நுரை வெறும் வேடிக்கைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் மோலைக் கரும்பலகையிலேயே முடித்துவிட்டால் ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள் என்று ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். நான் ஆப்பசோடா (சோடியம் பைகார்பனேட்) 84 கிராம், அதாவது ஒரு மோல், நிறுத்து வைத்துவிட்டு, சூடாக்கினால் என்ன மிஞ்சும் என்று முதலில் எழுதச் சொல்வேன். சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் 40 கிராம், சோடியம் ஆக்சைடு என்றால் 31, சோடியம் கார்பனேட் என்றால் 53. மூன்றுக்கும் சமன்பாடு போட்டு, யார் எந்தக் கட்சி என்று கை தூக்கிய பிறகுதான் அடுப்பு. இருப்புச் சட்டியில் கிளறக் கிளறப் பொடி தண்ணீர் மாதிரி குமிழியிட்டு அலையும், மேலே காட்டிய எவர்சில்வர் தட்டில் நீர்த்துளி கோர்க்கும். ஆறவைத்து நிறுத்தால் 53ஐ ஒட்டி நிற்கும்.

கெடிலக்கரை:
கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்குமே, வெப்ப உமிழ் வினைக்கு அதைக் காட்டினால் போதாதா?

மஞ்சக்குப்பம் டியூஷன்:
தம்பி, கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும், பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது வேண்டாம். மேடம், உங்கள் கணக்கு பிரமாதம். ஆனால் மோலைச் சொல்லிக்கொடுத்தது சட்டி இல்லை, அடுப்புக்கு முன்னால் போட்ட சமன்பாடு. நானும் அதைத்தானே சொல்கிறேன்?

உப்பளத்துக்காரி, புதுச்சேரி:
இல்லை சார். மூன்று சமன்பாடும் தாளில் சரியாகவே சமப்படும், எது நடக்கிறது என்று தாள் சொல்லாது. உங்களிடம் கைடு சொல்கிறது, என்னிடம் தராசு சொல்கிறது.

மஞ்சக்குப்பம் டியூஷன்:
சரி, 60 கிராமில் நின்றுவிட்டால்? நாலாவது கட்சி ஆரம்பிப்பார்களே!

உப்பளத்துக்காரி, புதுச்சேரி:
ஆரம்பிக்கட்டும். சட்டியை மறுபடி அடுப்பேற்றச் சொல்வேன். எடை இன்னும் குறைந்தால் வினை முடியவில்லை என்று அர்த்தம், அடுத்தடுத்து ஒரே எடை வந்தால்தான் கணக்கில் சேர்ப்போம். ஒரு பீரியடில் அடங்காது, அதுதான் தொல்லை. இரண்டு பீரியட் சேர்ந்து வரும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வேன்.

மஞ்சக்குப்பம் டியூஷன்:
அந்த இரண்டு பீரியடில் நான் இருபது மோல் கணக்கு போட்டு முடித்திருப்பேன் மேடம்.