மருதமுனை, கல்முனைப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள் உதவுவீர்களா?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் மட்டக்களப்பில் பொருளாதாரம் படிக்கிறேன். மருதமுனைக் கைத்தறியின் வியாபார நிலவரம்தான் என் ஆய்வு.

மத்திய வங்கி மாதாமாதம் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண் வெளியிடுகிறது. ஓடர், உற்பத்தி, வேலையாட்கள், கையிருப்பு எல்லாம் போன மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று நிறுவனங்களிடம் கேட்டுக் கணக்கிடுவார்கள். 50க்கு மேல் என்றால் வளர்ச்சி, கீழே என்றால் சரிவு. நல்ல முறைதான். ஆனால் வீட்டில் இரண்டு தறி போட்டிருப்பவரின் நிலைமை அதில் எங்கே தெரியப்போகிறது? அதே கேள்விகளை உங்களிடம் கேட்க விரும்புகிறேன். மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொன்னாலே போதும்.

அப்புறம், நூல் வாங்கிய, சாரம் விற்ற பழைய கணக்குக் கொப்பிகள் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். நோன்புப் பெருநாள் வருடத்துக்கு 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. அதனால் பெருநாள் விற்பனை எது, உண்மையான ஏற்றம் எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வருடக் கணக்கு போதாது.

2022 நெருக்கடியில் தறியை நிறுத்தியவர்கள் எந்தத் தொழிலுக்குப் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்பதும் எனக்கு மிக முக்கியம். தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். யாருடைய பெயரும் வெளியே வராது.