'மூச்சுக்குழல் விரிவு' வேண்டாம், 'நைவிரிவு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிராங்கியெக்டாசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்குத் தமிழில் 'மூச்சுக்குழல் விரிவு' என்று சொல்லலாம் என்ற முன்மொழிவைப் பார்த்தேன். மூலத்துக்கு நேர்மையான சொல்தான். எக்டாசிஸ் என்றால் கிரேக்கத்தில் விரிதல். ஆனால் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தை 'மூச்சுக்குழல் விரிப்பான்' என்று நாமே எழுதி வருகிறோமே!

முப்பது ஆண்டு புகைத்த ஒருவர், நுரையீரல் புற்றுநோய் இருக்கிறதா என்றறியக் குறைகதிர் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். அறிக்கையில் கட்டி இல்லை. கடைசியில் 'மூச்சுக்குழல் விரிவு' என்று ஒரு வரி. மருந்து செய்யும் வேலையை நுரையீரலே செய்துகொண்டதாக எண்ணி அவர் நிம்மதியாக உறங்கிவிடுவார்.

நடந்திருப்பதோ நேர்மாறு. தொற்றும் அழற்சியும் திரும்பத் திரும்ப வந்து குழல் சுவரின் தசையையும், நீண்டு மீளும் இழைகளான மீள்நார்களையும் அரித்துவிட்டன. அகன்ற குழல் இனிச் சுருங்காது. அதில் சளி தேங்கும். தேங்கிய சளியில் கிருமி வளரும். சுவர் இன்னும் நையும். ஸ்கேன் படத்தில் குழலும் அதன் துணைத் தமனியும் ஏறக்குறைய ஒரே பருமனில் அருகருகே தெரிய வேண்டும். இங்கே குழல் பெரிய வளையமாகவும், தமனி அதன் விளிம்பில் ஒட்டிய சிறு புள்ளியாகவும் நிற்கும். கல் பதித்த மோதிரம் போலவே இருக்கும். பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819இல் இந்நோயை விவரித்தபோது இந்தப் படம் ஏது? அவர் கையில் இருந்தது அவரே உருவாக்கிய மார்பொலிமானி, அதாவது ஸ்டெதஸ்கோப்.

முதலில் எனக்குப் பிடித்த சொல் 'தொய்வு'. இலங்கை நண்பர் ஒருவர் உடனே தடுத்தார்: அவர்கள் வழக்கில் தொய்வு என்றாலே ஆஸ்துமா. கைவிட்டேன். 'தளர்வு' ஓய்வைச் சொல்வது போலிருக்கிறது. 'நைவு' மட்டும் போட்டால் அகலம் விடுபடுகிறது.

ஆகவே 'மூச்சுக்குழல் நைவிரிவு'. நைந்து விரிந்தது, விரிகிறது, இனியும் விரியும். வினைத்தொகை மூன்று காலத்தையும் தாங்குகிறது, நோயும் அப்படித்தான். பழைய பனியனின் கழுத்து நைந்து அகன்றுபோவதைக் கண்டவருக்கு விளக்கவுரை வேண்டாம். 'நை' பேச்சில் அருகிவிட்டதே என்பவர்களுக்கு: 'நைந்த துணி' இன்னும் எல்லார் வாயிலும் இருக்கிறது.

இன்னொரு வசதி. புகைப்பவர்களின் அதே அறிக்கையில் எம்ஃபிசீமா என்ற இன்னொரு நுரையீரல் நோயும் அடிக்கடி இடம்பெறும். அதையும் சிலர் 'காற்றறை விரிவு' என்கிறார்கள். அங்கே காற்றறைகளின், அதாவது நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளின், சுவரே உடைந்து போயிருக்கிறது. 'காற்றறைச் சிதைவு' என்று பிரித்துவிடலாம்.

சளி அடைத்த குழலுக்குச் 'சளியடைப்பு' போதும். அதற்கும் புதுச்சொல் தேடிக் கிளம்பிவிடாதீர்கள்.