எதுக்கு ஆப், எதுக்கு வெப்சைட்: குமரி மாவட்ட அனுபவப் பகிர்வு

மார்த்தாண்டம், மொபைல் கடை

"மெமரி ஃபுல்" என்று கவுண்டருக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். வருஷத்துக்கு இரண்டு தடவை திறக்கிற ஆப்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஆப் போடும் முன் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். அந்த வேலைக்குப் போனுக்குள்ளிருக்கும் சிம்மோ, ஜிபிஎஸ்ஸோ, புளூடூத்தோ, மணியடித்து எழுப்பும் அறிவிப்போ தேவையா? தேவையென்றால் ஆப். கடைசியில் கையில் வேண்டியது ஒரு தாள் மட்டும் என்றால் வெப்சைட் போதும்.

யூபிஐ ஏன் ஆப்பில்தான் நடக்கிறது? கணக்கைச் சேர்க்கும்போது ஆப் உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வங்கியில் கொடுத்த நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் உறுதி செய்கிறார்கள். பிரவுசரால் அப்படி எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. "வெரிஃபிகேஷன் ஃபெயில்டு" என்று வந்தால் முதலில் சிம்மில் ரீசார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, இரண்டு சிம் உள்ள போனில் சரியான சிம்மைத்தான் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். வைஃபை நன்றாக இருந்தாலும் அந்த எஸ்எம்எஸ் சிம் சிக்னலில்தான் போகும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் போன் கால் போகும், ஆனால் நெட் நிற்காது என்கிற இடங்களில், வங்கியில் பதிந்த நம்பரிலிருந்து *99# டயல் செய்தால் நெட் இல்லாமலே பணம் அனுப்பலாம்.

இடம் காலி செய்ய "கிளியர் கேச்" அழுத்தினால் பயமில்லை. பக்கத்திலேயே இருக்கும் "கிளியர் ஸ்டோரேஜ்" வேறு. யூபிஐ ஆப்பில் அதை அழுத்திவிட்டால் சிம் சரிபார்ப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

தக்கலை, கணினி மையம்

பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் வெப்சைட் வேலைதான். இதற்கென்று ஆப் தேட வேண்டாம். பட்டா பார்க்க eservices என்பதற்குப் பின் புள்ளி வைத்து tn, gov, in என்று முடியும் அரசு முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். தேடலில் மேலே வருவதையெல்லாம் தட்டாதீர்கள். பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் அது அரசுத் தளம் ஆகிவிடாது. போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும்.

மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்கும். நம் மாவட்டத்தில் வட்டம் 6: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர். பிந்திய இரண்டும் புதியவை. பழைய பத்திரத்தில் கல்குளம் அல்லது விளவங்கோடு என்று இருக்கும் நிலம் இப்போது திருவட்டாறிலோ கிள்ளியூரிலோ இருக்கலாம். கிராமம் பட்டியலில் வரவில்லை என்று தவிப்பவர்கள் வட்டத்தை மாற்றிப் பார்த்தால் பலருக்குத் தீர்ந்துவிடும். பட்டா எண் தெரியாவிட்டால் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் போதும்.

போனில் இந்த வேலை கெட்டுப்போகும் இடம் ஓடிபி. குறைந்த ராம் உள்ள போனில், ஓடிபி பார்க்க மெசேஜுக்குள் போய்த் திரும்பும் அந்தச் சில விநாடியில் குரோம் அந்தப் பக்கத்தை நினைவிலிருந்து தூக்கிவிடும். திரும்பி வந்தால் பக்கம் புதிதாக லோடாகி, நிரப்பியதெல்லாம் காலியாகிக் கிடக்கும். இப்போது இன்னொரு ஓடிபி கேட்டால் பழையது செல்லாது. அப்புறம் எது புதியது என்று தெரியாமல் மாற்றி மாற்றி அடிப்பார்கள். தொடங்கும் முன் மற்ற ஆப்களை மூடிவிடுங்கள். ஓடிபி வந்ததும் குரோமை விட்டு வெளியே போகாமல், மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து அங்கேயே எண்ணைப் பார்த்து அடியுங்கள்.

எல்லாம் சரி, பட்டா மட்டும் திறக்கவில்லை என்றால் பாப்-அப் தடுப்பு. சான்று புதிய ஜன்னலில் திறக்கும், குரோம் அதைத் தடுத்து வைத்திருக்கும். மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், பாப்-அப்ஸ் என்று போய் அனுமதி கொடுங்கள். பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டால் அதே மூன்று புள்ளியில் "டெஸ்க்டாப் சைட்" டிக் செய்தால் தெரியும். ஃபேஸ்புக்கில் வந்த லிங்க்கைத் தட்டினால் அது ஃபேஸ்புக்கின் உள் பிரவுசரிலேயே திறக்கும், பிடிஎஃப் இறங்காமல் மக்கர் பண்ணும். அங்கிருந்து குரோமுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பணம் கட்டும்போது பக்கம் சுற்றிக்கொண்டே நின்றால் பேக் பட்டனைத் தொடாதீர்கள். வங்கியில் பணம் கழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழிந்திருந்தால், அதே தளத்தில் கட்டிய விவரம் ஏறுகிறதா என்று பார்க்காமல் இரண்டாம் முறை கட்டக் கூடாது.

குளச்சல், மீன்பிடித் தொழில்

மேலே சொன்ன அறிவிப்பு விஷயம் கடற்கரையில் உயிர் விஷயம். கள்ளக்கடல் வரும் அன்று கரையில் காற்றே இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த அலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து திடீரென்று கரை ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் போனது அப்படிப்பட்ட கடலில்தான். இதைக் கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது. வெப்சைட்டில் எச்சரிக்கை போட்டிருந்தாலும், நாமாகத் திறந்து பார்த்தால்தானே தெரியும்?

கடல் எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் சமுத்ரா ஆப்பும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் ஆப்பும் போனில் இருக்கட்டும். இருந்தால் மட்டும் போதாது. ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்புக்கு நீங்கள் அனுமதி கொடுத்தால்தான் ஆப் சத்தம் போடும். முதல்முறை திறக்கும்போது "டோன்ட் அலோ" தட்டியவர்களுக்கு ஒன்றும் வராது. அதோடு பேட்டரி சேமிப்பு என்று சில போன்கள் பின்னால் ஓடும் ஆப்பை அடக்கிவிடும். ஆப் இன்ஃபோவில் பேட்டரி என்பதைத் திறந்து "அன்ரெஸ்ட்ரிக்டட்" வையுங்கள். லொகேஷன் அனுமதியும் கொடுங்கள். இல்லாவிட்டால் சசேத்துக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியாது.

கரையை விட்டு விலகி டவர் போனபின் வெப்சைட் செத்துவிடும். ஜிபிஎஸ் வேலை செய்யும், அதற்கு டவர் வேண்டாம். ஆனால் வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். விசைப்படகில் பொருத்தும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும், வாங்கும். அதிலுள்ள செய்தியைப் போனில் படிக்க புளூடூத்தில் இணையும் நபமித்ரா ஆப் வேண்டும். டிரான்ஸ்பாண்டருக்கும் போனுக்கும் இணைப்பைத் துறைமுகத்திலேயே ஒருதடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. கடலில் வைத்து முதல்முறை இணைக்கிற வேலை வேண்டாம்.

இரணியல், தினசரி ரயில் பயணம்

முன்பதிவில்லா டிக்கெட் ரயில்ஒன் ஆப்பில். தாளில்லா டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நின்று எடுக்க முடியாது, ஜிபிஎஸ் தடுக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். மறந்துவிட்டால் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்து எடுக்கலாம். பரிசோதகரிடம் ஆப்பைத் திறந்தே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. நெட் இல்லாமலும் டிக்கெட் திறக்கும், சார்ஜ் இல்லாமல் திறக்காது. 

முன்பதிவுக்கு ஐஆர்சிடிசி வெப்சைட், ஆப் இரண்டும் ஒன்றுதான். தட்கல் எடுப்பவர்கள் கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்து வையுங்கள். 2025 ஜூலை முதல் அது இல்லாமல் ஆன்லைனில் தட்கல் கிடைக்காது. ஏசி 10 மணிக்கு, ஸ்லீப்பர் 11 மணிக்குத் திறக்கும்.

குலசேகரம், ரப்பர் விவசாயம்

ரப்பர் விலைக்கு ஆப் எதற்கு? கோட்டயத்திலுள்ள ரப்பர் போர்டின் வெப்சைட்டில் ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 என்ற ஷீட் தரங்களின் விலையும் லேடெக்ஸ் (ரப்பர் பால்) விலையும் நாள்தோறும் வருகிறது. ஷீட் கொண்டுபோகும் அன்று பார்த்தால் போதும். அந்தப் பக்கத்தைத் திறந்து, குரோமில் மூன்று புள்ளி, "ஆட் டு ஹோம் ஸ்கிரீன்" கொடுத்தால் ஆப் மாதிரியே ஒரு ஐகான் வந்து உட்காரும். இடமும் பிடிக்காது, அப்டேட்டும் கேட்காது. ஐபோனில் சஃபாரியின் ஷேர் பட்டனுக்குள் அதே வசதி இருக்கிறது.

மார்த்தாண்டம், மொபைல் கடை

குலசேகரம் அண்ணாச்சி சொன்ன ஐகான் முறையை மின்கட்டணத்துக்கும் பஸ் முன்பதிவுக்கும் அப்படியே செய்யலாம்.

ஒன்று விட்டுப்போச்சு. வண்டி அபராதம், விவசாயி உதவித்தொகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப் போடும் ஃபைல்) வருகிறது. அதைத் திறந்து இன்ஸ்டால் செய்து, கேட்டபடி எஸ்எம்எஸ் அனுமதியும் கொடுத்துவிட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போகும். செட்டிங்ஸில் "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்" தேடி, வாட்ஸ்அப்புக்கு நேராக உள்ளதை இன்றைக்கே ஆஃப் செய்யுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் முதலில் ஃபிளைட் மோடில் வையுங்கள், பிறகு ஆப்பை நீக்குங்கள். பணம் போயிருந்தால் வேறொரு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.